பச்சை நிறமாக மாறிய சிறுநீரும், விடாப்பிடியான இரண்டு அம்மாக்களும்



இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். "டீச்சர் பதிவைப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது" என்று பழைய ஐந்தாம் வகுப்புப் பையன்கள் கேலி செய்வது என் காதுக்கும் வந்தது. டீயைக் குடித்துவிட்டே படியுங்கள், அவசரமில்லை.

போன வாரம் நம் பழைய மாணவி ஒருத்தி, சர்க்கரை சேர்க்காத குளிர்பான டப்பா ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதில் பொடி எழுத்தில், 'ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. "இது என்ன வியாதி டீச்சர்? வாயில் நுழையாத பெயராக இருக்கிறதே" என்று கேட்டிருந்தாள். பதிலை இரண்டு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நார்வே, இங்கிலாந்து, அமெரிக்கா என்று மூன்று நாட்டு மனிதர்களின் உழைப்பு இருக்கிறது. குழந்தையின் மூளையைப் பாழாக்கும் ஒரு நோயைத் தடுக்க முடியும் என்று உலகம் கற்றுக்கொண்ட வரலாறு அது. ஆசிரியராக இருந்தவள் என்பதால் அது எனக்கு மிக நெருக்கமான வரலாறு. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். புரதத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது பூமாலை உதாரணம் சொல்வேனே, நினைவிருக்கிறதா? புரதம் ஒரு மாலை. அதில் கோத்த பூக்கள் அமினோ அமிலங்கள். பால், பருப்பு, முட்டை, இறைச்சி எதைச் சாப்பிட்டாலும் உடம்பு அந்த மாலையைப் பிரித்துப் பூக்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பூக்களில் ஒன்றின் பெயர் ஃபீனைல்அலனின். நமக்குத் தேவையானது போக மீதியைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றிவிடும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யாது. ரயில்வே கேட் மூடிக் கிடந்தால் வண்டிகள் வரிசையாகத் தேங்கி நிற்குமே, அதுபோல ஃபீனைல்அலனின் ரத்தத்தில் தேங்கும். தேங்கியது, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையைக் கெடுக்கும்.

இந்த நோயுடன் பிறக்கும் குழந்தை, பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடம்பு குழந்தைக்கும் சேர்த்துச் சுத்தம் செய்துவிடும். தொப்புள்கொடி அறுந்து, பால் குடிக்கத் தொடங்கியபின்தான் ஆபத்து ஆரம்பம். சில மாதம் கழித்துத்தான் 'குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கவில்லையே, உட்காரவில்லையே' என்று வீட்டில் கவனிப்பார்கள். அதற்குள் சேதம் நடந்துவிட்டிருக்கும். அம்மா கொடுத்த உணவில் ஒரு குற்றமும் இல்லை. மற்றக் குழந்தைகளை வளர்க்கும் அதே பால்தான் இந்தக் குழந்தையை முடக்கியது.

1930-களில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. நார்வே நாட்டின் ஆஸ்லோவில் போர்க்னி எகலாண்ட் என்று ஒரு இளம் தாய் இருந்தார். கணவர் பல் மருத்துவர். மூத்தவள் லிவ், இளையவன் டாக். லிவ்வுக்கு ஆறு வயதாகியும் சில சொற்களுக்கு மேல் பேச்சு வரவில்லை. நடையும் சரியில்லை. நான்கு வயது டாக்குக்கு நடக்கவும் முடியாது, பேசவும் முடியாது, தானாகச் சாப்பிடவும் முடியாது. இரண்டு குழந்தைகளிடமிருந்தும் எவ்வளவு குளிப்பாட்டினாலும் போகாத ஒரு மக்கிய வாடை வந்துகொண்டே இருந்தது. அந்தத் தாய் ஏறி இறங்காத மருத்துவமனை இல்லை, பார்க்காத வைத்தியர் இல்லை. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி இல்லை, ஒன்றும் செய்வதற்கில்லை.

போர்க்னி அதோடு நிற்கவில்லை. மூளை வளர்ச்சி இல்லை என்பது சரி, ஏன் இல்லை என்பதும் இந்த வாடை எங்கிருந்து வருகிறது என்பதும்தான் அவர் கேள்விகள். கடைசியில் 1934-ல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் வந்து சேர்ந்தார். ஃபோலிங் முதலில் வேதியியல் படித்தவர், மருத்துவம் பிறகு படித்தது. அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பதைப் பாருங்கள்.

குழந்தைகளைப் பரிசோதித்ததில் ஃபோலிங்குக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. வழக்கமான சோதனையாகச் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சில சொட்டு விட்டார். நீரிழிவு முற்றியவர்களுக்கு அந்தக் காலத்தில் செய்த சோதனை அது. ஒன்றும் இல்லை என்றால் பழுப்பு நிறம், கீட்டோன் இருந்தால் ஊதா கலந்த சிவப்பு. ஆனால் இங்கே சிறுநீர் பச்சையாக மாறியது. அவர் அதுவரை பார்த்திராத நிறம். ஏதாவது மருந்தின் வேலையாக இருக்கலாம் என்று எண்ணி, எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு மீண்டும் கொண்டுவரச் சொன்னார். மீண்டும் பச்சை.

அடுத்த இரண்டு மாதத்துக்கு மேல் போர்க்னியின் வேலை, குழந்தைகளின் சிறுநீரைச் சேகரித்து ஃபோலிங்கின் ஆய்வுக்கூடத்துக்குச் சுமந்துவந்து கொடுப்பது. மொத்தம் 20 லிட்டருக்கு மேல். நினைத்துப் பாருங்கள், கட்டுப்பாடில்லாத இரண்டு குழந்தைகளிடமிருந்து அதைப் பிடித்து வைப்பதே எவ்வளவு பாடு! ஃபோலிங் அதை வடித்து, பிரித்து, சுத்தம் செய்து, கடைசியில் பச்சை நிறத்துக்குக் காரணம் ஃபீனைல்பைருவிக் அமிலம் என்று கண்டுபிடித்தார். பிறகு ஆஸ்லோ வட்டாரத்து விடுதிகளிலும் பள்ளிகளிலும் இருந்த 430 மனவளர்ச்சி குன்றியவர்களின் சிறுநீரைச் சோதித்தார். இன்னும் 8 பேருக்குப் பச்சை வந்தது. ஆக 10 பேர். அதில் உடன்பிறந்தவர்களும் இருந்ததால் இது பரம்பரையாக வருவது என்றும் புரிந்தது. அந்த ஆண்டே கட்டுரை வெளியிட்டார்.

மனவளர்ச்சிக் குறைவு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி வந்ததில், இன்ன ரசாயனக் காரணம் என்று ஒன்றைத் தனியாகப் பிரித்துக் காட்டிய பெரிய திருப்பம் இது. ஆனால் போர்க்னிக்கு என்ன கிடைத்தது? காரணம் தெரிந்ததே தவிர மருந்து இல்லை. டாக் சிறுவயதிலேயே இறந்துபோனான். லிவ் வாழ்நாள் முழுக்க மற்றவர் பராமரிப்பில்தான் இருந்தாள்.

ஃபோலிங் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். இங்கிலாந்தில் லயனல் பென்ரோஸ், இந்நோய் தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் உண்டாகும் என்று காட்டினார். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பெயரும் அங்கே வைத்ததுதான். உலகம் சுருக்கமாக பி.கே.யு. என்கிறது. நாமும் இனி அப்படியே சொல்வோம். அமெரிக்காவில் ஜார்ஜ் ஜெர்விஸ், கோளாறு கல்லீரல் நொதியில்தான் என்று 1947 முதல் 1953 வரையிலான ஆய்வுகளில் நிரூபித்தார்.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் 'குறையுள்ளவர்கள் பிள்ளை பெறக்கூடாது, இனத்தைச் சுத்தமாக்க வேண்டும்' என்ற வெறி பல நாடுகளில் இருந்தது. நாஜி ஜெர்மனியில் குறையுள்ள குழந்தைகளைக் கொலையே செய்தார்கள். பென்ரோஸ் 1946-ல் லண்டனில் ஆற்றிய உரையில் பி.கே.யு.வையே கணக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டார். இந்த மரபணுவை ஒழிப்பதென்றால், நோயாளிகளை மட்டுமல்ல, அதைச் சுமந்துகொண்டு முழு ஆரோக்கியமாக நடமாடும் லட்சக்கணக்கானவர்களையும் அல்லவா கருத்தடை செய்ய வேண்டும், அதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா என்பது அவர் வாதம். கணக்குப் பாடம் மனிதர்களைக் காப்பாற்றிய இடம் இது.

இனி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை. 1950-களின் தொடக்கம். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஹார்ஸ்ட் பிக்கல் என்ற இளம் மருத்துவர், அங்கே வரும் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஷீலா என்ற 17 மாதக் குழந்தைக்கு பி.கே.யு. இருப்பது தெரிந்தது. அரிய நோயைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியோடு அவள் தாயிடம் சொன்னார்.

தாய்க்கு அதில் மகிழ்ச்சி எதுவும் இல்லை. பெயர் எனக்கு எதற்கு, என் பிள்ளையைக் குணமாக்க வழி சொல்லுங்கள் என்றார். வழி இல்லை என்றார்கள். அந்தப் பதிலை அவர் ஏற்கவில்லை. தினமும் காலையில் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். எனக்கு ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார், போவார், மறுநாள் வருவார். அவர் வசதியானவரோ படித்தவரோ அல்ல, சாதாரணக் குடும்பத்துப் பெண். அவருடைய நச்சரிப்புத்தான் தங்களை வேலையில் இறக்கியது என்று பிக்கல் பிற்காலத்தில் மனம்திறந்து சொல்லியிருக்கிறார்.

யோசனை எளிமையானது. ஃபீனைல்அலனின்தான் விஷமாகிறது என்றால், ஃபீனைல்அலனின் இல்லாத உணவைக் கொடுத்தால் என்ன? சொல்வது சுலபம். பால், பருப்பு, மீன், முட்டை எல்லாப் புரதத்திலும் அது இருக்கிறது. புரதமே கொடுக்காவிட்டால் குழந்தை வளராது. மாலையைப் பிரித்து அந்த ஒரு பூவை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதைக் கொடுக்க வேண்டும்.

லண்டனில் லூயி வுல்ஃப் என்ற வேதியியலாளருக்கு அதற்கு வழி தெரிந்திருந்தது. பால் புரதத்தை அமிலத்தில் சிதைத்து, அதைக் கரித்தூள் வழியாக வடித்தால், கரி ஃபீனைல்அலனினைப் பிடித்துக்கொள்ளும். பர்மிங்காமில் அதைச் செய்து காட்டியவர் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் தலைவி ஈவ்லின் ஹிக்மன்ஸ் அம்மையார். அப்போது அவர் அறுபதைத் தாண்டியவர், என் வயதுக்காரி! கெட்டுப்போகாமல் இருக்கக் குளிர்பதன அறையில்தான் வடிக்க வேண்டும். குளிர்கால மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த அறையில் நின்று, ஒரு குழந்தைக்காகச் சொட்டுச் சொட்டாக வடித்தார்கள். மூன்றாமவர் ஜான் ஜெரார்டு, குழந்தை மருத்துவர். ஒருவர் நோயைக் கண்டவர், ஒருவர் வேதியியல் தெரிந்தவர், ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர். நூறு மைலுக்கு அப்பாலிருந்து யோசனை சொன்னவர் ஒருவர். வாசலில் நின்று விரட்டியவர் ஒருவர்.

கரி ஃபீனைல்அலனினோடு டைரோசினையும் டிரிப்டோபேனையும் சேர்த்துப் பிடித்துவிடும் என்பதால் அவற்றைத் தனியாகக் கலந்து கொடுத்தார்கள். முதலில் ஷீலாவுக்கு ஃபீனைல்அலனினே துளியும் இல்லாமல் கொடுத்தார்கள். எடை குறையத் தொடங்கியது. ஏனென்றால் அது கொஞ்சமாவது உடம்புக்கு வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். பிறகு அளந்து கொஞ்சம் பால் சேர்த்தார்கள். உப்பு மாதிரிதான். அதிகமானாலும் ஆகாது, இல்லாமலும் ஆகாது.

சில மாதத்தில் ஷீலாவிடம் மாற்றம் தெரிந்தது. ஓயாத அழுகையும் தலையை முட்டிக்கொள்வதும் குறைந்தன. கண்ணில் உயிர் வந்தது. தவழ்ந்தாள், நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றாள். முடிகூடக் கறுக்கத் தொடங்கியது. முடிக்கு நிறம் தரும் பொருள் டைரோசினிலிருந்துதான் உண்டாகிறது.

ஆனால் இது உணவால் வந்ததா, தானாக வந்ததா? அறிவியலில் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அதற்கு அவர்கள் செய்ததை இன்று எந்த மருத்துவமனையும் செய்ய முடியாது. தாய்க்குச் சொல்லாமலேயே அந்த உணவில் ஃபீனைல்அலனினைத் திரும்பக் கலந்து கொடுத்தார்கள். ஒரே நாளில் குழந்தை பழைய அழுகைக்குத் திரும்பியது, தவழ்வதும் நிற்பதும் போயிற்று. பதறி ஓடிவந்தார் தாய். பிறகு அவர் சம்மதத்தோடு, மருத்துவமனையிலேயே வைத்து மறுபடியும் செய்து, படம்பிடித்து உறுதிப்படுத்திக்கொண்டார்கள். 1953-ல் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. பிறவியிலேயே வந்த ஒரு மூளைக் கோளாற்றை உணவால் கட்டுப்படுத்த முடியும் என்று உலகம் அன்றுதான் அறிந்தது. அறிவியலுக்கு அந்தச் சோதனை தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனாலும் தினமும் வாசலில் வந்து நின்ற அந்தத் தாயிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஷீலாவின் முடிவும் நல்லதாக அமையவில்லை. சிகிச்சை தொடங்கும்போதே அவளுக்கு இரண்டு வயது, பெரும்பாலான சேதம் அதற்குள் நடந்துவிட்டது. தாயும் பின்னர் நோய்வாய்ப்பட்டார், உணவுமுறையைத் தொடர முடியவில்லை. ஷீலா பராமரிப்பு இல்லத்திலேயே வாழ்ந்து 1999-ல் காலமானாள். யாரால் சிகிச்சை பிறந்ததோ அவளுக்கு அது பயன்படவில்லை. மேற்கு நாடுகளில் இன்று டாக்டராகவும் ஆசிரியராகவும் பெற்றோராகவும் நடமாடும் ஆயிரக்கணக்கான பி.கே.யு. பிள்ளைகள் அவளுக்குக் கடன்பட்டவர்கள்.

பியர்ல் பக் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'தி குட் எர்த்' நாவல் எழுதியவர், 1938-ல் நோபல் பரிசு பெற்றவர். 1920-ல் பிறந்த அவர் மகள் கேரலுக்கும் இதே நோய்தான். ஆனால் அது பி.கே.யு. என்று தெரியவந்தபோது கேரல் நடுவயதைத் தொட்டுவிட்டாள். மகளை வாழ்நாள் முழுக்க நல்ல இல்லத்தில் வைத்துப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்பதும் அவர் எழுதியதற்கு ஒரு காரணம். ஊரே மறைத்துவைத்த விஷயத்தை, 1950-ல் தன் பெயரிலேயே புத்தகமாக எழுதி வெளியிட்டார். அதைப் படித்துப் பல பெற்றோர் வாய்திறந்தார்கள்.

சிகிச்சை வந்துவிட்டது. ஆனால் சேதம் நடப்பதற்கு முன்பே குழந்தையைக் கண்டுபிடிப்பது எப்படி? பச்சை நிறச் சோதனை, பிறந்து சில வாரம் கழித்துத்தான் பலன் தரும். அதற்குள் பாதிக் கதை முடிந்துவிடும்.

இங்கே வருகிறார் ராபர்ட் கத்ரி. அமெரிக்காவின் பஃபலோ நகரத்து நுண்ணுயிரியலாளர். புற்றுநோய் ஆராய்ச்சியில் இருந்தவர். அவருடைய மகனுக்கு மனவளர்ச்சிக் குறைவு, ஆனால் காரணம் வேறு. 1958-ல் அவர் மனைவியின் சகோதரி மகளுக்கு பி.கே.யு. இருப்பது தெரிந்தது. ஒரு வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, அதற்குள் மூளை பாதித்துவிட்டது. இந்த இரண்டு குழந்தைகளும்தான் அவரை இந்த வேலையில் இழுத்துவிட்டார்கள்.

அவர் செய்த சோதனையின் எளிமையைப் பாருங்கள். குழந்தையின் குதிகாலில் சிறு குத்து. ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் ஒற்றிக் காயவைக்க வேண்டும். அந்தத் தாளிலிருந்து ஒரு பொட்டு அளவு வெட்டி, பாக்டீரியா கலந்த அகர் தட்டின் மேல் வைக்க வேண்டும். அந்த பாக்டீரியா வளராமல் தடுக்கும் பொருள் ஒன்று தட்டில் ஏற்கெனவே கலந்திருக்கும். ரத்தத்தில் ஃபீனைல்அலனின் அதிகமாக இருந்தால் மட்டும் அந்தத் தடை உடைந்து, பொட்டைச் சுற்றி பாக்டீரியா வட்டமாக வளரும். வட்டம் தெரிந்தால் அந்தக் குழந்தைக்கு உடனே மேல்சோதனை செய்ய வேண்டும். அவ்வளவுதான். காய்ந்த தாளைக் கவரில் போட்டுத் தபாலில் அனுப்பலாம். எந்தக் கிராமத்திலிருந்தும் அனுப்பலாம்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 29 மாநிலங்களில் 4 லட்சம் பச்சிளம் குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். 39 குழந்தைகளுக்கு பி.கே.யு. இருந்தது. ஏறக்குறைய 10,000-ல் ஒன்று. மாசசூசெட்ஸ் மாநிலம் 1963-ல் இதைச் சட்டமாக்கியது, மற்ற மாநிலங்களும் நாடுகளும் தொடர்ந்தன. இந்தச் சோதனைப் பெட்டியைத் தயாரிக்க உரிமை பெற்ற கம்பெனி, கத்ரி 6 டாலரில் தயாரித்துக் காட்டியதற்கு 262 டாலர் விலை வைக்கப் போவது தெரிந்ததும், அவர் அரசிடம் முறையிட்டுப் போராடினார். அந்தத் தனியுரிமை ரத்தானது. தனக்கென்று அவர் ஒரு பைசா பங்கு கேட்கவில்லை.

இனி நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். அரிய நோய் என்றால் ஒரு மருத்துவமனையில் ஒன்றிரண்டு குழந்தைதான் இருக்கும். ஒன்றிரண்டை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒரு வகுப்பு மதிப்பெண்ணை வைத்து மாவட்டத்தின் தேர்ச்சியைச் சொல்ல முடியுமா? ஆகவே 1967-ல் அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து, ஒரே அளவு, ஒரே முறை, ஒரே பதிவேடு என்று வைத்துக்கொண்டு, சிகிச்சை பெறும் பி.கே.யு. குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தன. லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் ரிச்சர்ட் காக் அதை வழிநடத்தினார். யாருக்கும் தனிப் பெயர் கிடைக்காத வேலை. எடை பார்ப்பது, ரத்தம் எடுப்பது, அறிவுத்திறன் சோதிப்பது, எழுதிவைப்பது, இதையே வருடாவருடம் செய்வது.

அதில் இரண்டு உண்மைகள் வெளிவந்தன. முதலாவது, பிறந்த சில வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே படித்தார்கள். இரண்டாவது யாரும் எதிர்பாராதது. மூளை வளர்ந்துவிட்டது, ஆறு வயதோடு உணவுக் கட்டுப்பாட்டை நிறுத்தலாம் என்றுதான் பல மருத்துவர்கள் நம்பி நிறுத்தியும் வந்தார்கள். நிறுத்தியவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நிறுத்தியவர்களின் படிப்பும் கவனமும் சரிந்தது தெரிந்தது. வாழ்நாள் முழுக்க உணவுக் கட்டுப்பாடு என்ற இன்றைய விதி அப்படி வந்ததுதான்.

அதற்குள் இன்னொரு பூதம் கிளம்பியது. காப்பாற்றப்பட்ட பெண் குழந்தைகள் பெரியவர்களாகித் திருமணம் செய்து கருவுற்றார்கள். பலர் சிறுவயதிலேயே கட்டுப்பாட்டை நிறுத்தியவர்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைக்கு பி.கே.யு. இருக்காது. ஆனால் தாயின் ரத்தத்தில் தேங்கிய ஃபீனைல்அலனின் கருவின் மூளையையும் இதயத்தையும் பாதித்தது. 1980-ல் லென்கே, லெவி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல நாடுகளிலிருந்து 524 கர்ப்பங்களின் விவரத்தைத் திரட்டினார்கள். அளவு மிக அதிகமாக இருந்த தாய்மார்களின் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மனவளர்ச்சி பாதித்தவை. ஒரு தலைமுறையைக் காப்பாற்றி அடுத்த தலைமுறையை இழப்பதா?

1984-ல் மறுபடியும் கூட்டு ஆய்வு. அமெரிக்காவும் கனடாவும் தொடங்கின, பிறகு ஜெர்மனியும் சேர்ந்தது. கருவுறுவதற்கு முன்பே, முடியாவிட்டால் கருவுற்ற சில வாரத்துக்குள், உணவுக் கட்டுப்பாட்டுக்குத் திரும்பிய தாய்மார்களுக்கு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. அந்த பூதத்தையும் அடக்கியாயிற்று. ஒரு மருத்துவமனையோ ஒரு மேதையோ தனியாக இதைக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை.

குளிர்பானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற இனிப்பில் ஃபீனைல்அலனின் இருக்கிறது. நமக்கு அது பொருட்டில்லை. பி.கே.யு. உள்ளவருக்கு ஆபத்து. அந்த ஒரு வரி அவர்களுக்காகத்தான்.

"நம் ஊரில் அரிதான நோய், நமக்கெதற்கு அத்தை இதெல்லாம்?" என்று என் அண்ணன் பிள்ளைகள் கேட்பார்கள். கத்ரியின் அந்த வடிதாள் பி.கே.யு.வோடு நிற்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். 1970-களில் கனடாவில் ஜான் டுசோ என்ற மருத்துவர் அதே காய்ந்த ரத்தப் பொட்டைக் கொண்டு, பிறவித் தைராய்டு குறைவைக் கண்டுபிடிக்க வழி செய்தார். அது நம் நாட்டில் அரிதானதல்ல. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைக்கு ஒன்று. கவனிக்காவிட்டால் அந்தக் குழந்தையும் மனவளர்ச்சி குன்றிப்போகும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் தினமும் ஒரு சிறு தைராய்டு மாத்திரை போதும், விலையும் குறைவு. மாத்திரை கையில் இருந்தும் குழந்தை வீணாவது எவ்வளவு பெரிய கொடுமை!

நான் முப்பது வருஷத்துக்கு மேல் சின்ன வகுப்புகளில் நின்றவள். மக்கு, மந்தம், தத்தி என்று பள்ளிக்கூடங்களில் எத்தனை பெயர்கள்! நான் வேலை பார்த்த ஓர் ஊரில், கரும்பலகையைப் பார்த்து எழுதவே எழுதாத பையன் ஒருவன் இருந்தான். மந்தம் என்று ஊரே சொன்னது. அவன் பாட்டி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "வீட்டில் காசு கணக்கு சொல்கிறான் டீச்சர், அவனுக்கு வேறென்னமோ இருக்கு" என்று பள்ளிக்கூடத்துக்கு நடையாய் நடந்தார். கண் முகாமில் காட்டினோம், கண்ணாடி போட்டார்கள், எழுதினான். போர்க்னியைப் பற்றியும் ஷீலாவின் தாயைப் பற்றியும் படித்தபோது எனக்கு அந்தப் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது. எல்லாக் குறைக்கும் மருந்து இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அது பொய். பெயர் வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, வீட்டில் பிரசவம் என்றால் மருத்துவரிடம் குதிகால் ரத்தப் பரிசோதனை பற்றி முன்கூட்டியே கேளுங்கள். பல மருத்துவமனைகளில் செய்கிறார்கள், எல்லா இடத்திலும் தானாகச் செய்வதில்லை. பிறந்து இரண்டு மூன்று நாளில் எடுப்பது. "பச்சைக் குழந்தையைக் குத்தாதீர்கள்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். இந்தப் பதிவை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டு, இது பெரியம்மா, சித்தப்பா எல்லோருக்கும். பி.கே.யு. போல இரண்டு பக்கத்திலிருந்தும் மரபணு வந்து சேர்ந்தால் உண்டாகும் நோய்கள் நிறைய. தாய்மாமன், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தால் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. முடித்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்குக் குழந்தைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். பேச்சு நடக்கும் இடங்களில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மூன்று, நம் மாணவர்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு. வகுப்பில் பின்தங்கும் பிள்ளையின் அம்மாவோ பாட்டியோ வந்து வாசலில் நின்றால், மணி அடித்துவிட்டது என்று அனுப்பிவிடாதீர்கள். உட்காரவைத்து, அந்தப் பிள்ளை வீட்டில் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். காது, கண், தைராய்டு, ரத்தசோகை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

செவிலியராகவும் மருத்துவராகவும் இருக்கும் நம் பிள்ளைகள், உங்கள் மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை இருக்கிறதா, எவ்வளவு செலவாகும் என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பயன்படும். அடுத்த ஞாயிறு அம்மைத் தடுப்பூசி வந்த கதை எழுதுகிறேன், இதைவிடச் சின்னதாக.

அன்புடன்,
உங்கள் டீச்சர்